இறங்காத கவளம்

பெங்களூருவை அடுத்த சந்தாபுராவில் மதிய நேரத்தில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும் தட்டுகளில் ராகி முத்தே உருண்டைகளைப் பார்க்கலாம். நம்மூர்க் கேழ்வரகுக் களிதான். ஓசூர் சாலையில் லாரி ஓட்டி வந்தவர், பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்தவர், ஆனேக்கல் பக்கத்து விவசாயி என்று எல்லோரும் சாப்பிடுவது ஒரே விதமாகத்தான். ஒரு பிடி கிள்ளுகிறார்கள், சாற்றில் புரட்டுகிறார்கள், மெல்லாமல் விழுங்கிவிடுகிறார்கள். மென்றால் பல்லிலும் அண்ணத்திலும் அப்பிக்கொள்ளும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் களிப்பிடி தொண்டையைக் கடக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது. அதற்குள் உடல் எத்தனை காரியங்களைச் செய்து முடிக்கிறது என்று பாருங்கள். நாக்கு பிடியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மெல்லண்ணம் எழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. மூச்சு நிற்கிறது. குரல்நாண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொள்கின்றன. குரல்வளை முழுவதும் மேலும் முன்னுமாக எழும்புகிறது. கண்ணாடி முன் நின்று எச்சில் விழுங்கினால் கழுத்தில் அது ஏறி இறங்குவதைக் காணலாம். தொண்டை முடிந்து உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் அது இறுக மூடியே இருக்கும். மூடாவிட்டால் ஒவ்வொரு மூச்சிலும் காற்று உணவுக்குழாய்க்குள் போகும்; வயிற்றில் இருப்பது தொண்டைக்கு ஏறும். விழுங்கும் அந்தக் கணத்தில் மட்டும் அது தளர வேண்டும். தளர்ந்தால் போதாது, களிப்பிடி நுழையும் அளவுக்கு விரியவும் வேண்டும்.

வயதான காலத்தில் சிலருக்கு அந்தத் தசை விரிய மறுக்கிறது. மேலிருந்து நாக்கும் தொண்டையும் தள்ளுகின்றன, கீழே வழி போதவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட அழுத்தம் தொண்டையின் பின்சுவரில் பலவீனமான இடத்தைத் தேடுகிறது. அப்படி ஓர் இடம் அங்கே இருக்கவும் செய்கிறது. பின்சுவரின் கீழ்ப்பகுதியில் தசைநார்கள் சாய்வாக இறங்குகின்றன. அவற்றுக்கு அடியில் வளையத் தசையின் நார்கள் படுக்கைவாட்டில் ஓடுகின்றன. சாய்வும் படுக்கையும் சந்திக்கும் இடத்தில், முதுகெலும்பைப் பார்த்தபடி, தசை மெலிந்த ஒரு சிறிய முக்கோணம் விட்டுப்போகிறது. 1908-இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் குஸ்தாவ் கில்லியனின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். 1897-இல் ஒரு விவசாயியின் மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தி, சிக்கியிருந்த எலும்புத் துண்டை வெளியே எடுத்து, மூச்சுக்குழல் நோக்கும் முறையைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான்.

டயரில் கீறல் விழுந்த இடத்தில் உள்ளிருக்கும் ட்யூப் வெளியே புடைக்குமே, அதுபோலத் தொண்டையின் உட்சவ்வு இந்த முக்கோணத்தின் வழியே பின்னால் பிதுங்குகிறது. முதலில் ஒரு சிறு பள்ளம். ஒவ்வொரு வாய் உணவுக்கும் அழுத்தம் தொடர, ஆண்டுகள் போகப்போக அது பையாகிறது. பை உணவுக்குழாய்க்குப் பின்னால், பெரும்பாலும் இடப்பக்கம் சாய்ந்து, கீழ்நோக்கித் தொங்கும். பெரிதான பிறகு ஒரு விபரீதம் நடக்கிறது. பையின் வாய் தொண்டைக்கு நேர் கீழே வந்துவிடுகிறது, உணவுக்குழாயின் வாய் ஓரமாக ஒதுக்கப்படுகிறது. விழுங்கியது முதலில் பைக்குள் போகிறது. நிரம்பிய பை உணவுக்குழாயைப் பின்னாலிருந்து அழுத்துகிறது. சாப்பிடச் சாப்பிட வழி இன்னும் குறுகுகிறது.

சென்கர் பை என்று மருத்துவர்கள் இதை அழைக்கிறார்கள். நாற்பது வயதுக்கு முன் இது அரிது. எழுபதை ஒட்டியவர்களிடமே அதிகம் தெரியவருகிறது. பெண்களைவிட ஆண்களிடம் கூடுதல். ஐரோப்பாவின் வட நாடுகளில் ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவர் இருவருக்குக் கண்டறியப்படுகிறது. நம் நாட்டில் பதிவாவது இன்னும் குறைவு. ஆனால் 1950களின் தொடக்கத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் மிகக் குறைவாக இருந்தது, இன்று அது எழுபதைத் தொட்டிருக்கிறது. எழுபது வயதை ஒட்டித் தலைகாட்டும் நோயை இனி நாம் கூடுதலாகச் சந்திக்கத்தான் போகிறோம்.

சந்தாபுராவை விட்டு நகராமல் ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். மருத்துவ நூல்களில் சொல்லப்படும் அறிகுறிகளையெல்லாம் சேர்த்து நான் உருவாக்கும் மனிதர் இவர். வயது எழுபத்திரண்டு. சேலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்பதால் சந்தாபுராவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அவர்களோடு இருக்கிறார். இந்தப் பகுதியில் அப்படி வந்து சேர்ந்த தமிழ்ப் பெற்றோர் எத்தனையோ பேர்.

முதலில் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போன்ற உணர்வு. அடிக்கடி செருமுகிறார். பிறகு ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் தேவைப்படுகிறது. களி, சப்பாத்தி, இட்லி எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விலகி ரசம் சாதம், மோர் சாதம் மட்டும் மிஞ்சுகின்றன. விழுங்கும்போது கழுத்திலிருந்து களக் களக் என்று சத்தம் வருகிறது, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கிறது. எவ்வளவு பல் துலக்கினாலும் வாய் நாறுகிறது. பேரப்பிள்ளையைத் தூக்க அவரே தயங்குகிறார்.

"மாமா, இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?" என்று மருமகள் கேட்கிறாள்.

"போதும்மா. வயசான உடம்புக்கு இது போதும்."

இந்தப் பதிலை நம் வீடுகளில் யாரும் மறுத்துக் கேட்பதில்லை. வயதானால் சாப்பாடு குறையும் என்பது அப்படி ஊறிப்போன எண்ணம். பசி குறைந்து குறைவாகச் சாப்பிடுவது வேறு, பசியோடு இருந்தும் விழுங்கப் பயந்து கையை உதறிவிடுவது வேறு. இரண்டாவது வகை முதியவர் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பார், கல்யாணப் பந்திக்குப் போகமாட்டார், சாப்பிட ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார், வேட்டி இடுப்பில் தளரும். இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும் செய்திகள்.

இன்னொரு செய்தியை அவர் வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும். மதியம் தின்றது இரவு பத்து மணிக்குப் படுக்கையில் தொண்டைக்குத் திரும்பி வருகிறது. நெஞ்செரிச்சல்காரர்களுக்கும் எதுக்களிக்கும்தான், ஆனால் அது புளிக்கும், எரியும், ஏனென்றால் வயிற்று அமிலத்தில் ஊறிவிட்டு வருகிறது. இவருக்குத் திரும்புவது புளிப்பதில்லை. கீரை கீரையாகவே, பருக்கை பருக்கையாகவே வருகிறது, சில நேரம் காலையில் விழுங்கிய மாத்திரையும். வயிற்றையே எட்டாமல் மணிக்கணக்கில் கழுத்திலேயே தங்கியிருந்த உணவு அது. "சாப்பிட்டது திரும்பி வருதா? வந்தா புளிக்குதா?" என்று ஒரு பிள்ளை கேட்டுத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் சொன்னால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும். கேட்காத வீட்டில் அவர் ஆண்டுக்கணக்கில் மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருப்பார்.

மூச்சுக்கு வரும் ஆபத்தும் இந்தப் பையிலிருந்துதான். நாம் விழுங்கும் ஒவ்வொரு துணுக்கும் மூச்சுக்குழாயின் வாயைத் தாண்டியே போகவேண்டியிருக்கிறது என்பதை ஒரு விநோதமான ஏற்பாடாக 1859-இல் டார்வினே குறித்திருக்கிறார். விழுங்கும் நொடியில் குரல்வளை மூடிக்கொள்வதால் நமக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. பை உள்ளவருக்கோ விழுங்கி முடித்த பிறகு, குரல்வளை மீண்டும் திறந்து மூச்சு ஓடத் தொடங்கியதும், பையிலிருந்து கொஞ்சம் மேலே வழிகிறது. புரையேறுகிறது. விழித்திருக்கும்போது இருமி வெளியேற்றிவிடலாம். தூக்கத்தில், அதுவும் மல்லாந்து படுத்திருக்கையில், சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். திரும்பத் திரும்ப வரும் இரவு இருமல், ஆஸ்துமா என்று தவறாக எண்ணப்படும் இரைப்பு, ஆண்டுக்கு இரண்டு முறை நிமோனியா என்று போகும். முதியவரின் உயிருக்கு வினையாவது பெரும்பாலும் இந்த நிமோனியாதான்.

தொண்டையில் இன்னொரு வகைப் பையும் உண்டு. குரல்நாண்களுக்குச் சற்று மேலே, பக்கவாட்டில், நம் எல்லோருக்கும் ஒரு சிறு குழிவும் அதன் முனையில் ஒரு சிறிய பையும் இருக்கின்றன. அங்கே சுரக்கும் நீர் குரல்நாண்களை ஈரமாக வைக்கிறது. சிலருக்கு அது காற்றால் உப்பிப் பெரிதாகிறது. நெப்போலியனின் படையோடு எகிப்துக்குப் போன அறுவை மருத்துவர் தொமினிக் லாரே, தொழுகைக்கு உரக்க அழைப்பு விடுக்கும் மோதினார்களின் கழுத்தில் இத்தகைய காற்று வீக்கங்களைக் கண்டதாக 1829-இல் எழுதினார். 1867-இல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ அதற்குப் பெயர் சூட்டினார். ஊதுகருவி வாசிப்பவர்கள், கண்ணாடி ஊதுபவர்கள் என்று மூச்சை அழுத்தி வெளியேற்றும் தொழிலில் இருப்போரைப் பற்றியும் பின்னாளில் ஆராய்ந்தார்கள். பலருக்கு இந்தக் குழிவு விரிந்திருந்தும் தொல்லை ஏதுமில்லை. ஆகவே நாதஸ்வரக் கலைஞர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் குரல் கரகரத்து வாரக்கணக்கில் சரியாகாமல், மூச்சை அடக்கி முக்கும்போது கழுத்தில் பக்கவாட்டில் வீக்கம் எழுந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. உள்ளுக்குள் வளரும் காற்றுப்பை மூச்சுவழியையே அடைத்துவிடக்கூடும். சீழ் பிடித்தால் அவசர நிலை.

இந்தக் காற்றுப்பையின் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி எல்லாவற்றுக்கும் குரல்வளையிலிருந்து கிளம்பும் பெரிய காற்றுப்பைகள் உண்டு. ஆண் ஒராங்குட்டானுடையது சில லிட்டர் காற்றைக் கொள்ளும். எத்தியோப்பியாவின் திகிக்கா பகுதியில் கிடைத்து 2006-இல் விவரிக்கப்பட்ட, 33 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய குழந்தையின் நாவடி எலும்பு, குரங்குகளுடையதைப் போலவே குழிந்திருந்தது. அக்குழந்தையின் இனத்துக்குக் காற்றுப்பை இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருத அதுவே காரணம். பிற்கால மனித எலும்புகளில் அந்தக் குழிவைக் காணோம். பையை இழந்ததும் தெளிந்த பேச்சும் தொடர்புடையவை என்று சிலர் வாதிடுகிறார்கள். இந்த வாதம் எனக்குப் பிடித்தமானது. எலும்பில் பதியாத பேச்சுக்கு எலும்பிலேயே தடம் தேடுகிற முயற்சி அது. நமக்கு மிஞ்சியிருக்கும் சின்னப் பை அந்தப் பழைய உறுப்பின் எச்சம்.

விழுங்கும் வழியில் தோன்றும் சென்கர் பைக்கு இப்படிப்பட்ட பூர்வீகம் ஏதும் கிடையாது. அது ஒவ்வொரு மனிதரின் வாழ்நாளுக்குள் அழுத்தத்தால் உண்டாவது. 1760களிலேயே பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் ஆபிரகாம் லட்லோ இதை விவரித்துவிட்டார். நூறாண்டு கழித்து, 1870களில், எர்லாங்கன் பல்கலைக்கழக நோயியல் அறிஞர் ஃப்ரீட்ரிஷ் சென்கர், ஃபான் சீம்சனோடு சேர்ந்து, அதுவரை பதிவான நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டி, உள்ளிருந்து தள்ளும் அழுத்தமே பையை உண்டாக்குகிறது என்று காட்டினார். பெயர் அவருக்குப் போனது.

ஆனால் அறுவை மருத்துவர்களின் கண் பையின்மீதே நின்றுவிட்டது. 1886-இல் டப்ளினில் வீலர் என்பவர் கழுத்தைத் திறந்து பையை வெட்டி எடுத்து வெற்றி கண்டார். ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது. தையல் கசிந்தால் கிருமி கழுத்திலிருந்து நெஞ்சுக்குள் இறங்கி ஆளைக் கொன்றுவிடும். அதற்கு அஞ்சி ஒருவர் பையை உட்புறமாக மடித்துத் தைத்தார், ஒருவர் மேலே தூக்கிக் கட்டினார், ஒருவர் இரண்டு தவணையாக அறுத்தார். பையை எடுத்த சிலருக்கு மீண்டும் பை வந்தது. வராமல் என்ன செய்யும்? விரியாத தசை அப்படியே இருந்ததே.

1917-இல் பாஸ்டனின் ஹாரிஸ் மோஷர் வேறு வழியில் போனார். பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒரு பொதுச் சுவர் இருக்கிறது. வளையத் தசை அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது. வாய்வழியே குழாயைச் செலுத்தி அந்தச் சுவரை வெட்டினார். பையும் குழாயும் ஒரே அறையாகிவிட, உணவு தங்க இடமில்லாமல் இறங்கியது. ஒரு நோயாளி நெஞ்சுத் தொற்றில் இறந்ததும் மோஷர் அந்த முறையைக் கைவிட்டார். 1960-இல் சுவீடனின் தோல்மனும் மாட்சனும் மின்சூட்டால் அதே சுவரை வெட்டி, நூறு நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார்கள். 1993-இல் வெட்டும்போதே இருபுறமும் கிளிப் போட்டு மூடிவிடும் ஸ்டேப்ளர் கருவி வந்தது.

காரணம் முழுதாக விளங்கியது 1992-இல்தான் என்று சொல்வேன். ஆஸ்திரேலியாவில் இயன் குக்கும் குழுவினரும் பை உள்ளவர்கள் விழுங்குவதை எக்ஸ்-ரே வீடியோவாகப் பதிந்தபடியே, தொண்டைக்குள் அழுத்தத்தையும் அளந்தார்கள். வளையத் தசை உரிய நேரத்தில் தளரவே செய்கிறது, ஆனால் விரிவதில்லை என்று கண்டார்கள். தசைநார்களுக்கிடையே நார்த்திசு படிந்து அது நெகிழ்ச்சியை இழந்திருந்தது. வழி குறுகியதால் மேலே கவளத்தின் அழுத்தம் ஏறியது. தசையை வெட்டிவிட்ட பிறகு அழுத்தம் குறைந்தது. பை என்பது விளைவு, நோய் தசையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சந்தாபுராவின் முதியவருக்கு வருவோம். முதலில் செய்ய வேண்டியது பேரியம் எக்ஸ்-ரே. வெள்ளைக் கரைசல் ஒன்றைக் குடிக்கச் சொல்லி, அது இறங்குவதைப் படம் பிடிப்பார்கள். பை இருந்தால் கழுத்தில் உணவுக்குழாய்க்குப் பின்னால் வெள்ளை தேங்கி நிற்கும். எண்டோஸ்கோப்பியை முதலில் செய்தால் என்ன என்று கேட்கலாம். நம் ஊர்களில் பெரும்பாலும் அதைத்தான் முதலில் எழுதுகிறார்கள். பை இருப்பது தெரியாமல் குழாயைத் தள்ளினால் அது நேரே பைக்குள் போகும், மெல்லிய சவ்வு கிழியலாம். ஆகவே விழுங்கச் சிரமம் கழுத்து மட்டத்திலேயே இருக்கிறது, செரிக்காத உணவு திரும்புகிறது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே அழுத்திச் சொல்ல வேண்டும்.

எக்ஸ்-ரேயைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விழுங்குவதில் சிரமம் என்றால் இந்தியாவில் இந்தப் பையைவிட உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பு பல மடங்கு அதிகம். பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும்கூட விழுங்குதலைக் கெடுக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் விழுங்கல் சிரமத்தை எந்த வயதிலும் வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

பையோடு வாழ்கிறவர்களுக்கு அன்றாடத்தில் சில வழிகள் உதவுகின்றன. நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு கவளமாக, குழைய வடித்துச் சாறு விட்டுச் சாப்பிடுவது. கடைசியில் தண்ணீர் குடித்துப் பையைக் கழுவிவிடுவது. சாப்பிட்டதும் படுக்காமல் சில மணி நேரம் உட்கார்ந்தோ நடந்தோ இருப்பது. சிலர் கழுத்தின் இடப்பக்கத்தை விரலால் அழுத்திப் பையைக் காலி செய்யத் தாமே கற்றுக்கொள்கிறார்கள். மாத்திரைகள் பையில் தங்கிவிடுவதால் இரத்த அழுத்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். திரவ வடிவம் உண்டா என்று கேட்பது நல்லது, எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. விழுங்கும் பயிற்சி தரும் பேச்சு மொழி வல்லுநர்களை 1960களிலிருந்து உருவாக்கிவரும் மைசூரு அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இதே கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. விரியாத தசையைப் பயிற்சி விரிக்காது. ஆனால் பாதுகாப்பாக விழுங்க அவர்கள் சொல்லித்தருவது நுரையீரலைக் காக்கும்.

மயக்க மருந்து கொடுக்கப்போகும் எந்த மருத்துவரிடமும் பை இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். கண்புரைக்கு மரத்துப்போகும் ஊசி வேறு. முழு மயக்கம் என்றால் ஆபத்து பெரிது. இரவெல்லாம் பட்டினி கிடந்தாலும் பை காலியாகியிருக்காது, மயங்கியதும் அது நுரையீரலுக்குள் கொட்டிவிடும். மூக்கு வழியே உணவு செலுத்தும் ரைல்ஸ் குழாயும் பைக்குள் சுருண்டு நிற்கலாம். சந்தாபுராவிலிருந்து சில நிமிடத் தொலைவில், பொம்மசந்திராவில், 2000-இல் இதய அறுவை மருத்துவர் தேவி ஷெட்டி தொடங்கிய நாராயணா இதய மருத்துவமனை இருப்பதால் இந்தப் பகுதியில் பல முதியவர்கள் இதயச் சிகிச்சைக்கு வருகிறார்கள். உணவுக்குழாய் வழியே செலுத்திப் பார்க்கும் எக்கோ பரிசோதனைக்கு முன்பும் விழுங்கல் சிரமத்தை எங்கும் தவறாமல் சொல்ல வேண்டும்.

தீர்வென்பது தசையை வெட்டுவதுதான். பை சிறிதாக இருந்து தொல்லை தராவிட்டால் விட்டுவிடலாம். தொல்லை தந்தால் இன்று பெரும்பாலும் வாய்வழியே, கழுத்தில் தழும்பின்றிச் செய்கிறார்கள். வளையும் எண்டோஸ்கோப் கொண்டே செய்யும் முறை 1990களில் வந்ததால், கழுத்தை முழுதாகப் பின்னுக்கு வளைக்க முடியாத முதியவர்களுக்கும் வாய்ப்பு திறந்தது. 2008-இல் ஜப்பானின் ஹாருஹிரோ இனோவே, உணவுக்குழாயின் சவ்வுக்கு அடியில் சுரங்கம் போலப் புகுந்து, அதன் கீழ்முனைத் தசையை வெட்டும் முறையை உருவாக்கினார். அதே உத்தியைப் பின்னர் சென்கர் பைக்கும் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் இரைப்பை குடல் மருத்துவர் நாகேஷ்வர் ரெட்டியின் ஹைதராபாத் ஏ.ஐ.ஜி. மருத்துவமனை இந்தச் சுரங்க முறையில் பெரும் அனுபவம் பெற்றது. பல்லோ தாடையோ கழுத்தோ இடம் கொடுக்காதவர்களுக்குக் கழுத்தைத் திறக்கும் பழைய வழி இன்றும் இருக்கிறது. சவ்வு கிழிவதும் தொற்றும் இரத்தக்கசிவும் எல்லா முறையிலும் நேரக்கூடியவை என்பதால், இதைப் பலமுறை செய்த கையிடம் போவதே முறை.

வெட்டிய பின் கசிவில்லை என்று உறுதியானதும் முதலில் நீர் ஆகாரம், பிறகு கூழ், அடுத்த நாட்களில் குழைந்த சாதம். சிலருக்கு ஆண்டுகள் கழித்துத் தொல்லை திரும்புவதுண்டு. மிச்சமிருக்கும் தசையை மீண்டும் வெட்டலாம். சிகிச்சைக்குப் பிறகு எடுக்கும் பேரியம் படத்தில் பை பெரும்பாலும் தெரிந்துகொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்துக் கலங்கிப்போகும் குடும்பங்கள் உண்டு. பையை யாரும் எடுக்கவில்லை, சுவரைத்தான் வெட்டியிருக்கிறார்கள். படத்தைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான்: சாப்பாடு இறங்குதா? ராத்திரி இருமல் இல்லாம தூங்குனீங்களா?